நூற்றுப்பத்து அடி

முட்டையில் உப்புப் பத்தவில்லை. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் நாக்குச் சரியாகத்தான் இருக்கிறது, சர்க்கரை முற்றினால் ருசி போய்விடும் என்று டாக்டர் சொன்னது என்னை மிரட்டத்தான், அறுபத்தெட்டு வயதில் என் உடம்பில் இன்னும் எதுவும் போகவில்லை. உப்புக் கேட்டேன், விடுதிக்காரன் ஹமீசி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தான். ஒரு கல்லை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன், பிறகு நடுவில், பிறகு ஓரத்தில். மூன்று இடத்திலும் கரித்தது. நல்லது. இன்றைக்கு எனக்கு வேண்டியது நாக்கு மட்டும்தான், முழங்காலும் கண்ணும் எப்படியோ போகட்டும். கடல் தாண்டி வந்திருக்கிற இந்தச் சங்கானி ஊரின் மேட்டில் பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் போட்ட போர்க்கிணறு ஒன்று இருக்கிறது. அது நல்ல தண்ணீர் என்று நான் சொன்னேன். உப்பு என்று என் மச்சினன் நாச்சிமுத்து சொன்னான். அன்றிலிருந்து அவன் வாசலை நான் மிதிக்கவில்லை, என் வாசலை அவன் மிதிக்கவில்லை, திருச்செங்கோட்டில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றே தெரு. இப்போது வருகிற தையில் என் சின்ன மகள் மேகலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் எங்கள் பக்கத்தில் அது கல்யாணம். பெரியவளுக்கு ஒன்றுவிட்ட மாமன் ஒருவனைப் பிடித்துக் கட்ட வைத்தேன், ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இந்தத் தடவை என் பெண்சாதி பாவாயி அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்துவிட்டாள். "எந்தம்பியக் கூப்பிடறீங்களா, இல்ல நான் அங்கயே போயிரட்டுமா?" நான் சொன்னேன்: "நேராப் போயி அந்தத் தண்ணியக் குடிச்சுப் பாக்கறேன். உப்பா இருந்தா நானே அவன் வாசலுக்குப் போறேன். நல்ல தண்ணியா இருந்தா அவன் என்ற வாசலுக்கு வந்து, சொன்னது தப்புன்னு சொல்லோணும்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு வாய் தண்ணி குடிக்க ஏரோப்ளேன் ஏறுற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்" என்றாள். ஏறினேன். பழைய முதலாளியின் மகன் தாருஸ்ஸலாமில் போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டுகிறான், பாறையைத் துளைக்கிற இரும்பு பிட்டுகள் ஒரு பெட்டி ஊரிலிருந்து கொண்டுவர ஆள் தேடினான், நான் வருகிறேன் என்றேன். பெட்டியை இறக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். சொன்னால் செய்கிறவன் நான்.

விடுதி என்றால் ஜெர்மன்காரன் கட்டிய கோட்டை. கடலில் கிடைக்கிற பவளக் கல்லை அறுத்து அடுக்கிச் சுண்ணாம்பு பூசி, சுடுவதற்குச் சுவரில் ஓட்டை வைத்து, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வரி கொடுக்காதவனையும் பருத்தி போட மாட்டேன் என்றவனையும் இந்த முற்றத்தில் கட்டி வைத்துச் சாட்டையால் அடித்தார்களாம். அதே முற்றத்தில் பிளாஸ்டிக் மேஜை போட்டு முட்டை பொரித்துத் தருகிறார்கள். ஜெர்மன்காரன் போன பிறகு இங்கிலீஷ்காரன் ஜெயிலாக வைத்திருந்தான், அவனும் போன பிறகு வௌவால். நாங்கள் ரிக் கொண்டுவந்த வருஷம் வௌவால்தான் இருந்தது, நானும் நாச்சிமுத்தும் இதே வாசலில் லாரிக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தோம், அவன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று பாவாயி சொல்வாள். அதை ஏன் நினைக்கிறேன். முற்றத்து நடுவில் கம்பி வலை போட்டு மூடிய கிணறு ஒன்று. கையில் காலி பாட்டிலோடு கிளம்பியவன் அதில் குனிந்து பார்த்தேன், அடி தெரியவில்லை. ஹமீசி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். மூன்று வருஷம் இந்தத் தேசத்தில் ரிக் ஓட்டியவன் நான், அவர்கள் பேச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஊர்க் கிணறெல்லாம் கழுத்தளவுதான் தாத்தா, அதில் நல்ல தண்ணீர். அது கழுதைக்குத்தான் ஆகும், எனக்கு ஆழக் கிணறு வேண்டும் என்றானாம் ஜெர்மன் துரை. தோண்டினார்கள். உப்பு வந்தது. இன்னும் தோண்டு என்றானாம்." "அப்புறம்?" "இன்னும் உப்பு. பிறகு அவன் போகிற வரைக்கும் கைதிகள்தான் கழுதைத் தண்ணீரைத் தோளில் சுமந்து வந்து அவனுக்கு ஊற்றினார்கள்." நான் சத்தமாகச் சிரித்தேன். படித்தவன் புத்தி அவ்வளவுதான், நான்காம் வகுப்பில் என் காதைத் திருகி இனி வராதே என்று அனுப்பிய வாத்தியார் முகம் ஞாபகம் வந்தது, அவருக்கும் ஆழம் தெரியாது, ஏரிக்கரையில் கிணறு வெட்டிக் கடைசி வரைக்கும் சேறுதான் கண்டார். துரை நின்று சத்தம் போட்டிருக்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டு நான் சிரித்தேன். ஹமீசியும் சிரித்தான். பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

தெரு மாறவில்லை. கோட்டையிலிருந்து கடலோரமாகச் சுங்கக் கட்டடம், அதன் தலையில் இப்போது ஆலங்கன்று முளைத்திருக்கிறது, அதைத் தாண்டினால் சந்தை. அந்தச் சந்தையில்தான் ஒரு காலத்தில் மனிதர்களைச் சங்கிலியில் கோத்து உட்கார வைத்து விற்றார்களாம், இப்போது தக்காளியும் கருவாடும் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். விலை கேட்டேன், எங்கள் ஊரைவிட மலிவு, ஆனால் தக்காளி சிறுத்திருக்கிறது. குஜராத்திக்காரர் கடைகள் மூன்று இருந்தன, இரண்டு பூட்டிக் கிடக்கின்றன, கதவில் குமிழ் குமிழாகப் பித்தளை மட்டும் மின்னுகிறது. எதிரில் வருகிற பெண்கள் எல்லாம் "ஷிக்கமோ" என்கிறார்கள். உன் காலைப் பிடிக்கிறேன் என்று அர்த்தம், பெரியவர்களுக்குச் சொல்வது, "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டேன். திருச்செங்கோட்டில் எவன் என் காலைப் பிடிக்கிறான், பேக்கரியில் உட்கார்ந்தால் எழுந்துகூட இடம் தர மாட்டான். இங்கே எனக்கு ஒரு மரியாதை எப்போதும் உண்டு. நாச்சிமுத்துதான் கெடுத்தான். அவன் என்னை மாமா, மாமா என்று கூப்பிடுவான், அக்காள் புருஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது, இவர்கள் பேச்சில் மாமா என்றால் அம்மா. மீசை வைத்த ஒருவனை இன்னொரு மீசைக்காரன் அம்மா அம்மா என்று, துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடைத் தூக்கிக்கொண்டே கூப்பிட்டால் ஊர் சிரிக்காதா. தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள், "பையன் அழுகிறான், பால் கொடு" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் எரியும். "பேரு சொல்லிக் கூப்பிடுடா மாப்ள" என்றால், "நாக்கு வருமா மாமா, அக்கா தோல உரிச்சுருவா" என்பான். அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது. இப்போது ஐம்பத்து நான்கு. தலை நரைத்துவிட்டது, போன வைகாசி விசாகத்தில் தேருக்கு அந்தப் பக்கம் நின்றான், பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை.

சந்தையைத் தாண்டினால் ஏற்றம். முழங்கால் இங்கேதான் பேசும் என்று தெரியும், பேசட்டும். தண்ணீர் ஓடுகிற பாயிண்ட் பார்த்தது நான்தான், உள்ளங்கையில் தேங்காய் வைத்து இந்த மேடு முழுக்க நடந்தேன், ஒரு இடத்தில் தேங்காய் எழுந்து செங்குத்தாக நின்றது. ஊரே தென்னந்தோப்பு, தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் தூங்குகிறவன் மாதிரி நடந்தால் அவர்களுக்கு வேடிக்கைதான். அந்த நேரத்தில் நாச்சிமுத்து என்ன செய்தான், பொம்பளைகளிடம் போய் உங்கள் கிணறு எத்தனை முழம், வெயில் காலத்தில் எத்தனை முழம், கடல் ஏறும்போது தண்ணீர் கரிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். தொழிலா அது. மறுநாள் காலை ரிக்கை நிறுத்திப் பூஜை போட்டு ஓட்டினேன். மணல், பிறகு பவளக் கல், பிறகு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, புகை மாவு மாதிரி எழும்பி எங்கள் எல்லோரையும் வெள்ளைக்காரனாக்கியது. ஒரு ராடு இருபது அடி, ஐந்தரை ராடு இறங்கியபோது தண்ணீர். நூற்றுப்பத்து அடி. முதல் வாய் ஓட்டினவனுக்கு, அது எங்கள் வழக்கம், அள்ளிக் குடித்தேன், இளநீரில் தண்ணீர் கலந்த மாதிரி இருந்தது. நாச்சிமுத்து ஓடி வந்தான். "போதுங் மாமா, நிறுத்திருங்க. கடலு பக்கத்துல இருக்குது, நல்ல தண்ணி மேல மெதக்குது, கீழ உப்பு. இந்தப் பொம்பளைங்க சொல்றாங்க." பொம்பளைகள் சொல்கிறார்களாம். "எங்கூர்ல ஆயரம் அடி போறவன்டா நானு. நூத்துப்பத்துல ராடக் கழட்டுனா கூடப் பொறந்தவனே காறித் துப்புவான்." போர்க்காரனுக்கு ஆழம்தான் மானம், எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் எத்தனை அடி என்றுதான் முதலில் கேட்பான், தண்ணீர் வந்ததா என்று பிறகுதான் கேட்பான். ஓட்டினேன். ஆறு ராடு, ஏழு, எட்டு. ஒன்பதாவது ராடில், நூற்றெண்பது அடியில், தண்ணீர் பீறிட்டது பாருங்கள், தென்னை உயரம், ஊரே கத்திக் கூத்தாடியது, பள்ளிவாசல் பெரியவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த நிமிஷத்தில் அவன் குனிந்து ஒரு கை அள்ளினான், வாயில் வைத்தான், துப்பினான். "உப்பு மாமா." அத்தனை பேர் முன்னால். "குடிச்சுப் பாருங்க" என்று இன்னொரு கை அள்ளி என் முகத்துக்கு நேராக நீட்டினான். அறைந்தேன். அவன் உள்ளங்கைத் தண்ணீர் தெறித்தது. கொஞ்சம் என் உதட்டில்கூடப் பட்டிருக்கும். துடைத்துக்கொண்டேன்.

குடிக்கவில்லை. குடிக்கத் தேவையில்லை, நூற்றுப்பத்தில் குடித்தேன் அல்லவா, அதே தண்ணீர்தானே. அவன் உதட்டில் வேர்வை இருந்தது, அந்த உப்பைத்தான் ருசித்தான், பத்தொன்பது வருஷமாகச் சொல்கிறேன். உதட்டை நான் எந்தக் கையால் துடைத்தேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, இடது புறங்கை. துடைத்தேனா, நக்கினேனா. துடைத்தேன். மறுநாள் வேறு ஊரில் வேலை, ரிக் கிளம்பியது, "நான் வரலைங்" என்று அவன் கோட்டை வாசலில் பையோடு நின்றுவிட்டான், நானும் கூப்பிடவில்லை. வேலையைப் பாதியில் விட்டு ஓடினவன் என்று முதலாளியிடம் சொன்னேன். பிறகு ஊருக்குப் போனால் டீக்கடையில் ஒருவன், "அண்ணா, கடல்ல போர் போட்டீங்களாமே, மீன் வந்துச்சா?" அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஊதிவிட்டது நாச்சிமுத்துதான். வேறு யார். அன்றிலிருந்து மார்க்கெட்டுக்குச் சுற்று வழியில் போகிறேன், அவன் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம், சுற்றினால் பதினைந்து, நல்லதுதான், உடம்புக்கு நடை. பாதி ஏற்றத்தில் ஒரு மாமரம், நிழலில் நின்றேன். கீழே கடல் பச்சையாகக் கிடந்தது, கோட்டை ஒரு சுண்ணாம்பு டப்பா மாதிரி. போர் இன்னும் இருக்குமா. பம்பு துருப்பிடித்து ஆடு கட்டியிருப்பார்கள். இருந்தால், உப்பாக இருந்தால். இருந்தால் என்ன, வாக்குக் கொடுத்தபடி அவன் வாசலுக்குப் போவேன், தட்டில் வெற்றிலை பாக்குப் பழம், பாவாயி பின்னால் வருவாள், அவன் கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவான், மாமா என்பான். அதுவரைக்கும் எளிதாகத் தெரிந்தது. நல்ல தண்ணீராக இருந்தால் அவன் வர வேண்டும். வர மாட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும், பாவாயி கூடப் பிறந்தவன்தானே. அப்போது மேகலா நெற்றியில் எவனோ ஒருவன். உப்பாக இருந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததை அங்கேயே மிதித்தேன், இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் என்ன ஆவது. ஆனாலும் மறுபடி தலை தூக்கியது. உப்பாக இருக்கட்டும், மாப்ள. கொஞ்சம் போல.

பம்பு இருந்தது. கைப்பம்பு, பிடி தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தது, மஞ்சள் கேன்கள் வரிசையில் இருபதாவது இருக்கும். என் நெஞ்சு எழும்பி நின்றது, உப்புத் தண்ணீருக்கு எவளும் வரிசையில் கேன் வைக்க மாட்டாள். ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், தலையில் பூப்போட்ட துணி, பம்பில் ஒரு கை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "தண்ணீரா தாத்தா? வரிசை அங்கே." "ஒரு வாய்தான்." "எல்லோருக்கும் ஒரு வாய்தான்" என்றாள், மற்றவர்கள் சிரித்தார்கள், ஆனாலும் அடித்தாள். இரண்டு கையையும் குவித்தேன். முதல் வாயைக் கொப்பளித்துத் துப்பினேன், முட்டையும் உப்பும் போகட்டும். இரண்டாவது வாயை நாக்கு நுனியில் நிறுத்தினேன், பிறகு நடுவில், பிறகு ஓரத்தில். கொஞ்சம் சுண்ணாம்பு. வேறு ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர். பத்தொன்பது வருஷமாக நான் சொன்னது சரி, ஜெயித்துவிட்டேன். இனி அவன்தான் வர வேண்டும். மூன்றாவது வாய் குடித்தேன், ஒருவேளை அதிலாவது கரிக்குமோ. இல்லை. அவள் பம்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நீ அம்மாதானே?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அந்த ஒல்லி ஆள் அம்மா அம்மா என்று கூப்பிடுவானே, அந்த அம்மா. எல்லோரும் பாருங்கள், அம்மா கிழவனாகி வந்திருக்கிறாள்!" வரிசையே கூவியது. அவள் பெயர் முவானஹாவாவாம், அப்போது இதே மேட்டில் அப்பம் சுட்டு விற்றவளாம். "எங்கே உன் மகன்? வரவில்லையா?" வரவில்லை என்றேன். "அவன் எழுதி வைத்ததைப் பார்த்தாயா?" என்று கேன்களைக் காலால் நகர்த்தினாள்.

சிமெண்ட் மேடையில் பாசி. செருப்பால் தேய்த்தேன், பிறகு குனிந்து விரலால் தேய்த்தேன். ஈரச் சிமெண்டில் குச்சியால் கீறிய தமிழ் எழுத்து. நான்காம் வகுப்பு படித்தவன் என்றாலும் என் பெயர் எனக்குத் தெரியும். அர்த்தநாரி. அதற்குக் கீழே 110. ஒன்று, ஒன்று, சுழி. நான் ஓட்டியது நூற்றெண்பது. ராடு எண்ணியவன் நான், ஒன்பது ராடு, எனக்குத் தப்பாது. "நீ போன பிறகு வந்தது கடல் தண்ணீர்" என்றாள் அவள் பம்பை அடித்துக்கொண்டே, "ஒரு வாரத்தில் எல்லோரும் பழைய கிணற்றுக்கே போய்விட்டார்கள், பெரியவர் வெட்கப்பட்டு வெளியே வரவில்லை. அவன் போகவில்லை. கடற்கரைக் கல்லை அள்ளி வருவான், நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவுவான், சிமெண்டும் களிமண்ணும் கலந்து குழாய்க்குள் போடுவான், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல் கட்டி இறக்கி எத்தனை ஏறியிருக்கிறது என்று பார்ப்பான். சாயங்காலம் ஒரு டப்பாவில் இறைத்து வாயில் வைப்பான், துப்புவான். பத்து நாள் துப்பினான். கன்னம் வேறு வீங்கியிருந்தது, நீ அடித்த கன்னம். உன் போர்த் தண்ணீரையே காய்ச்சி நான்தான் ஒத்தடம் கொடுத்தேன், அதற்கு மட்டும் அது நல்ல தண்ணீர்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வந்தது வேறு. "பதினோராம் நாள் விழுங்கினான். நாங்கள் கை தட்டினோம். பெரியவர் அவன் பெயரை எழுதச் சொன்னார், மாட்டேன் என்றான். அடியை மூடி நூற்றுப்பத்தில் நிறுத்து என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போனார், அவர் வேலை இது, நான் கூலி என்றான்."

மேடை ஓரத்தில் உட்கார்ந்தேன். முழங்காலுக்காகத்தான். நான் சொல்லவில்லை. நான் எப்போது சொன்னேன். நூற்றுப்பத்தில் நிறுத்து என்று சொன்னது அவன், ஓட்டியது நான், மூடியது அவன், எழுதியிருப்பது என் பெயர். இந்த அர்த்தநாரியில் அவன் "ர்"ருக்கு மேல் புள்ளியைப் பெரிதாகக் குழி தோண்டி வைத்திருக்கிறான், எப்போதும் அப்படித்தான் வைப்பான், டீசல் ரசீதில் பேனாவால் வைத்தாலும் காகிதம் ஓட்டையாகிவிடும். ஜெர்மன் துரை இன்னும் தோண்டு என்றானாம், உப்பு வந்த பிறகும் தோண்டு என்றானாம். காலையில் நான் சிரித்த சிரிப்பு அந்த முற்றத்திலேயே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். சரி. அப்படியானால் டீக்கடையில் மீன் வந்துச்சா என்று கேட்டவனுக்கு ஊதியது யார். அன்றைக்கு ராடு துடைத்த கிளீனர் ஒருவன் இருந்தான், எருமப்பட்டிக்காரன், அவனாகத்தான் இருக்கும், இருக்கட்டும், அவனை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் நாச்சிமுத்து. வாக்குப்படி, தண்ணீர் நன்றாக இருந்தால் அவன் என் வாசலுக்கு வர வேண்டும், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாவாயியிடம் நான் வாக்குக் கொடுத்தது நூற்றெண்பது அடித் தண்ணீருக்கு. அது இங்கே இல்லை, அதை அவன் மூடிவிட்டான், குடித்துப் பார்க்க எனக்கு அவன் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. பாட்டிலை நீட்டினேன், முவானஹாவா கழுத்து வரை நிரப்பித் தந்தாள். "மகனுக்கா?" என்றாள். "மகனுக்குத்தான்" என்றேன். பத்தொன்பது வருஷம், மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு, தேருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைச் சுற்று வழியில் நடக்க விட்டானே, இதை மட்டும் நான் அவனை மன்னிக்கப் போவதில்லை. அதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், அவன் வாசலில் நின்று சொல்ல வேண்டும், தெரு கேட்கச் சொல்ல வேண்டும். வெளியே வாடா மாப்ள என்று கூப்பிடுவேன். வருவான். இந்தா, முதல் வாய் உனக்கு, குடிச்சுப் பாத்துச் சொல்லு என்பேன், குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்பேன், பிறகு தை பதினாறாம் தேதி என்பேன், பட்டத்தை மறந்துராதே என்பேன். இறக்கத்தில் முழங்கால் பேசவே இல்லை. எதிரே வந்த பெண் ஒருத்தி "ஷிக்கமோ" என்றாள், பாட்டில் தளும்பாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மரஹபா, மரஹபா என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.